‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ என்ற பெயர் வாஷிங்டனில் செல்லுமா?

வாசகர் கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் நகரில் மனைவி, குழந்தையுடன் வசிக்கிறேன். எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை. சென்ற ஆண்டு ஓர் இணைய ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ’வின் விளம்பரத்தைப் பார்த்தேன். ‘இது சூதாட்டம் அல்ல, எதையும் வாங்கத் தேவையில்லை’ என்று போட்டிருந்தார்கள். வாஷிங்டனில் வசிப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்று விதிமுறையில் இருந்ததால், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு, பக்கத்து மாநிலமான ஓரிகானின் போர்ட்லண்டில் இருக்கும் நண்பரின் முகவரியைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினேன். எட்டு மாதத்தில் கிரெடிட் கார்டில் 6,200 டாலர் போய்விட்டது. ஒரே ஒரு முறை 450 டாலர் வங்கிக்கு வந்தது. கடைசியாக 3,800 ‘ஸ்வீப்ஸ் காயின்’ ஜெயித்து அதைப் பணமாகக் கேட்டபோது, முகவரிச் சான்று வேண்டும் என்று சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். நான் செய்தது குற்றமா? ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாமா? இழந்த பணமாவது திரும்புமா? கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறேன், அதற்குப் பாதிப்பு வருமா? மனைவிக்கு இன்னும் எதுவும் தெரியாது.

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஜெயித்ததாகத் திரையில் தெரியும் 3,800-ஐ மறந்துவிடுங்கள். இழந்த பணத்தை மறக்க வேண்டாம், அதற்கு வாஷிங்டன் சட்டத்தில் வழி இருக்கிறது. இந்த விவகாரத்தில் உங்களைப் பெரிய சிக்கலில் மாட்டிவிடக்கூடியது, நீங்கள் ஆடிய ஆட்டத்தைவிட, கணக்குத் தொடங்கச் சொன்ன பொய்யும் இனிமேல் பயத்தில் சொல்லிவிடக்கூடிய பொய்களும்தான். அந்தத் தளத்தார் முகவரிச் சான்று கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு நண்பரின் வீட்டு மின்கட்டண ரசீதையோ, திருத்திய வாடகை ஒப்பந்தத்தையோ அனுப்பும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து அதை இப்போதே கைவிடுங்கள்.

இந்தக் கேசினோக்கள் இயங்கும் முறையை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் சட்டக் கேள்வி முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. தளத்தில் இரண்டு வகை நாணயம் உண்டு. ஒன்று ‘கோல்டு காயின்’. அதைக் காசு கொடுத்து வாங்கலாம், ஆனால் பணமாக மாற்ற முடியாது. மற்றொன்று ‘ஸ்வீப்ஸ் காயின்’; அதை யாரும் விற்பதில்லை, கோல்டு காயின் மூட்டையை வாங்குபவருக்கு இலவச இணைப்பாகத் தருகிறார்கள், அதை ஒரு முறையாவது ஆட்டத்தில் வைத்து ஜெயித்துவிட்டால் ஒரு காயினுக்கு ஒரு டாலர் என்ற கணக்கில் பணமாகத் தருகிறார்கள். தீபாவளி மலருடன் ஷாம்பு பாக்கெட் வைத்துக் கொடுத்தால் அது இலவச இணைப்பு. ஒரு ரூபாய் மிட்டாயை ஐந்நூறு ரூபாய்க்கு விற்று, கூடவே ஒரு லாட்டரிச் சீட்டை ‘இலவசமாக’ வைத்துக் கொடுத்தால், வாங்கியவர் எதை வாங்கினார் என்பது தெருவில் போகும் எவருக்கும் தெரியும். நீங்கள் 50 டாலர் மூட்டையைத் தேர்ந்தெடுத்தபோது உங்கள் கண் அதில் எத்தனை லட்சம் கோல்டு காயின் இருக்கிறது என்று பார்த்ததா, ஓரத்தில் சிறிதாக எழுதியிருந்த ஸ்வீப்ஸ் காயின் எண்ணிக்கையைப் பார்த்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

‘எதையும் வாங்கத் தேவையில்லை’ என்ற வாசகம் எங்கிருந்து வருகிறது? பரிசு, அதிர்ஷ்டம், அதில் சேரக் கொடுக்கும் விலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் லாட்டரி என்பது அமெரிக்க மாநிலங்களின் பொதுவான பழைய அளவுகோல். மூன்றில் விலையை எடுத்துவிட்டால் அது வெறும் விளம்பரக் குலுக்கல், அதாவது ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’, ஆகிவிடும். காலைச் சிற்றுண்டிப் பெட்டிக்குள்ளும் குளிர்பான மூடிக்குள்ளும் பரிசு வைத்த கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக இந்த வழியில்தான் நடந்தன. அஞ்சலட்டை எழுதிப்போட்டும் கலந்துகொள்ளலாம் என்று ஒரு வரி அச்சிட்டுவிடுவார்கள். கேசினோக்களும் அதே அஞ்சல் வழியை வைத்திருக்கின்றன. அதைப் பயன்படுத்திப் பார்த்த ஒருவர் தன் அட்டைகளை ஒருமுறை என் மேசைமேல் பரப்பினார். கோடு போடாத 4-க்கு 6 அங்குல அட்டை, நீங்களே கையால் எழுத வேண்டும், தளம் சொல்லும் வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் படியெடுக்க வேண்டும், ஓர் உறையில் ஓர் அட்டைதான், உறைமேல் முகவரியும் கையெழுத்தில். ஓர் அட்டைக்கு ஐந்து காயின் அளவில் வரும். ஒரு சொல் விட்டுப்போனாலும் அட்டை தள்ளுபடி. சோப்பு விற்க நடத்தும் குலுக்கலில் சோப்பு இருக்கிறது, குலுக்கல் முடிந்ததும் விளம்பரமும் முடிந்துவிடும். இங்கே விற்கும் சரக்கே ஸ்லாட் என்ற சூதாட்ட இயந்திரத்தின் சுழற்சிதான், அதுவும் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும். அதனால் அஞ்சலட்டை வாதம் எனக்கு ஒருபோதும் வலுவானதாகத் தோன்றியதில்லை.

வாஷிங்டனில் அந்த வாதம் இன்னும் பலவீனமானது. இம்மாநிலத்தின் சூதாட்டச் சட்டம், அதாவது மாநிலச் சட்டத் தொகுப்பான ஆர்.சி.டபிள்யூ.வின் 9.46 என்ற அத்தியாயம், ‘மதிப்புள்ள ஒன்றை’ அதிர்ஷ்டத்தின் மேல் பணயம் வைத்து, ஜெயித்தால் மதிப்புள்ள ஒன்று கிடைக்கும் என்ற புரிதலோடு ஆடுவதைச் சூதாட்டம் என்கிறது. அந்த ‘மதிப்புள்ள ஒன்று’ என்பதற்கு 9.46.0285 பிரிவு தரும் விளக்கம் மிக அகலமானது: பணம், பொருள், பணமாக மாற்றக்கூடிய வில்லை மட்டுமல்லாமல், கட்டணமின்றி ஓர் ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடும் சலுகையும் அதில் அடங்கும்.

இந்தக் கடைசிச் சொற்றொடரின் மேல்தான் ஒரு பெரிய வழக்கு நின்றது. பிக் ஃபிஷ் கேசினோ என்ற கைப்பேசி ஆட்டத்தில் விற்கப்பட்ட மெய்நிகர் சில்லுகளைப் பணமாக மாற்றவே முடியாது. தீர்ந்தால் வாங்கி ஆடலாம், அவ்வளவுதான். ஆயிரம் டாலருக்குமேல் இழந்த ஒரு பெண், அப்போது அந்த ஆட்டத்தின் உரிமையாளராக இருந்த சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனத்தின் மேல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018 மார்ச்சில், வாஷிங்டன் உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது வட்டம் அதை மாற்றியது: சில்லு இருந்தால் ஆட்டம் தொடரும், தீர்ந்தால் காசு கொடுக்க வேண்டும், ஆகவே சில்லு என்பது ஆட்டத்தைத் தொடரும் சலுகை, அது மதிப்புள்ள ஒன்று, இது வாஷிங்டன் சட்டப்படி சட்டவிரோதச் சூதாட்டம் என்றது. அதன் பிறகு வந்த சமரசங்கள் சிறியவை அல்ல. பிக் ஃபிஷ் தொடர்பான வழக்குகள் 15.5 கோடி டாலருக்கும், அதே வகை ஆட்டமான டபுள்டவுன் கேசினோவின் வழக்கு 41.5 கோடி டாலருக்கும் முடிந்தன. இதே வகை ஆட்டங்களை நடத்திய ஹை 5 கேம்ஸ் நிறுவனத்துக்கு எதிராக 2025 பிப்ரவரியில் ஜூரி ஏறத்தாழ 2.5 கோடி டாலர் தீர்ப்பளித்தது. பணமாக மாற்றவே முடியாத சில்லுக்கே சட்டம் இப்படி என்றால், ஒன்றுக்கு ஒரு டாலர் தரும் காயினை வைத்து ஆடியது சூதாட்டமல்ல என்று வாதிட அதிக இடமில்லை. பெரிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் தளங்கள் பலவும் தங்கள் விதிமுறையில் வாஷிங்டனை விலக்கி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

வாஷிங்டன் சூதாட்டத்தையே வெறுக்கும் மாநிலம் என்று இதை வைத்து எண்ண வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஆபர்னில் மக்கிள்ஷூட் பழங்குடியினரின் கேசினோ இருக்கிறது. வடக்கே துலாலிப், கிழக்கே ஸ்னோக்வால்மி. 2020-இல் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதித்தபோதும், அதைப் பழங்குடியினரின் கேசினோ வளாகங்களோடு நிறுத்தினார்கள். கைப்பேசியில் பந்தயம் கட்டினாலும் அந்த வளாகத்துக்குள் நின்றுதான் கட்ட முடியும். உரிமம் பெற்ற ஓர் இடம், அங்கே கண்காணிப்பு, கதவைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது என்பது இம்மாநிலத்தின் கொள்கை. படுக்கையறைக்குள் நள்ளிரவில் ஓடும் ஸ்லாட் அதற்கு நேர் எதிரானது. இந்தக் கொள்கை சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

இனி, நீங்கள் செய்தது குற்றமா என்ற கேள்வி. 9.46.240 பிரிவு ‘சூதாட்டத் தகவலை’ தெரிந்தே அனுப்புவதையும் பெறுவதையும் தடுக்கிறது. தொலைபேசி, தந்தி, வானொலி, கொடியசைத்துச் செய்தி சொல்லும் முறை வரை அதில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. 2006-இல் அந்தப் பட்டியலில் இணையத்தைச் சேர்த்து, மீறலை சி வகுப்புப் பெருங்குற்றமாக உயர்த்தினார்கள். அதற்கு உச்சபட்சம் 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம். இணையப் போக்கர் ஆடிவந்த வழக்கறிஞர் லீ ரூசோ இதை எதிர்த்துப் போனார்; மாநில உச்ச நீதிமன்றம் 2010-இல் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ‘சூதாட்டத் தகவல்’ என்பதற்கான விளக்கம் ‘தொழில்முறைச் சூதாட்டம்’ என்பதோடு பின்னப்பட்டிருக்கிறது, தொழில்முறைச் சூதாட்டத்தின் விளக்கமோ வெறும் ஆட்டக்காரரைத் தள்ளிவைத்துப் பேசுகிறது. எனவே தன் காசை வைத்துத் தானே ஆடியவர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார் என்று நல்ல வாதம் உண்டு. ஆட்டத்தை நடத்தியவர் தொழில்முறையாளர் என்பதால் அங்கே வைத்த பந்தயமும் அதற்குள் வரும் என்று எதிர்வாதமும் உண்டு. நடைமுறையில் மாநிலச் சூதாட்ட ஆணையத்தின் கை நடத்துபவர்களை நோக்கியே நீள்கிறது. நாளைக் காலை யாரோ உங்கள் கதவைத் தட்டுவார்கள் என்று அஞ்சி உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே சமயம், ‘சட்டப்படி எந்தத் தவறும் இல்லை’ என்று உங்களுக்கு எழுதித்தரவும் என்னால் முடியாது.

விபிஎன் போட்டதாலோ ஓரிகான் முகவரி கொடுத்ததாலோ நீங்கள் ஓரிகானில் ஆடியவர் ஆகிவிடவில்லை. கை எங்கே இருந்ததோ, ஆட்டம் அங்கே நடந்ததாகத்தான் சட்டம் பார்க்கும். ஓரிகானில் விற்பனை வரி இல்லை என்பதற்காக நம்மவர்கள் எல்லையிலுள்ள கொலம்பியா ஆற்றைத் தாண்டிப்போய் மடிக்கணினி வாங்கி வருவது வேறு. அவர்கள் உண்மையிலேயே பாலத்தைக் கடக்கிறார்கள்.

அடுத்து 3,800. சட்டவிரோதச் சூதாட்டத்தில் ஜெயித்ததைத் தரச் சொல்லி வாஷிங்டன் நீதிமன்றத்தில் கேட்டால், சட்டம் தடுத்த ஒப்பந்தத்தை நாங்கள் நிறைவேற்றித் தர மாட்டோம் என்பதே பதிலாக இருக்கும். அதோடு, விலக்கப்பட்ட மாநிலத்தில் இருந்துகொண்டு பொய்யான இருப்பிடம் காட்டினால் பரிசு பறிபோகும் என்று தளங்களின் விதிமுறையில் எழுதியிருப்பார்கள். உங்களிடம் பல மாதம் பணம் வாங்கும்போது கேட்காத முகவரிச் சான்றை, பணம் கொடுக்க வேண்டிய அன்று மட்டும் கேட்டது நியாயமில்லைதான். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அதை வைத்து வழக்கு நடத்த முடியாது.

இழந்த பணத்தின் கதை வேறு. ஆர்.சி.டபிள்யூ. 4.24.070 என்ற பிரிவு, சட்டவிரோதச் சூதாட்டத்தில் பணம் இழந்தவர், யாருடைய லாபத்துக்காக அந்த ஆட்டம் நடந்ததோ அவரிடமிருந்து அதை மீட்க வழக்குத் தொடரலாம் என்கிறது. நான் மேலே சொன்ன வழக்குகளின் ஆணிவேர் இந்தப் பிரிவுதான். இதனுடன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேரும். அதன்கீழ் நீதிமன்றம் இழப்பை மூன்று மடங்கு வரை, 25,000 டாலர் உச்சவரம்புக்குள், உயர்த்தித் தரலாம். ஜெயித்தால் வழக்கறிஞர் கட்டணத்தையும் எதிர்த்தரப்பு கொடுக்கும். உங்கள் கணக்கில் 6,200-இல் 450 திரும்பி வந்திருப்பதால், 5,750 டாலரை அடிப்படையாக வைத்துப் பேசலாம்.

இதில் உங்கள் பக்கம் இருக்கும் ஓட்டையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேற்படி வழக்குகளில் பணம் கேட்டவர்களுக்கு ஆட்டத்தின் கதவு வாஷிங்டனில் திறந்தே இருந்தது. உங்களுக்கு அது மூடியிருந்தது, நீங்கள் வேறு வழியாக உள்ளே போனீர்கள். எதிர்த்தரப்பின் முதல் வாதம் அதுவாகத்தான் இருக்கும், நீதிபதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவும் செய்வார். உங்கள் வழக்குச் செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டன் பில்லிங் முகவரியுள்ள கார்டிலிருந்து எட்டு மாதம் பணம் எடுத்துக்கொண்டவர்கள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவே தெரியாது என்று சொன்னால் அதையும் ஆராயத்தான் வேண்டும். கார்டின் பில்லிங் முகவரி கென்ட் முகவரிதானா என்று இன்றே பாருங்கள். உங்கள் வழக்கின் பலம் பெருமளவு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

தளத்தின் விதிமுறையில், நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்புக்கு மட்டுமே போகலாம், கூட்டு வழக்கில் சேரக்கூடாது என்று இருக்க வாய்ப்பு அதிகம். அது எப்போதும் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். 2019-இல், கைப்பேசிக் கேசினோ ஆட்டம் நடத்தும் ஹூஜ் நிறுவனத்தின் வழக்கில், விதிமுறை பயனர் கண்ணில் படும்படி வைக்கப்படவில்லை என்பதால் அந்த நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்று ஒன்பதாவது வட்டம் சொன்னது. நீங்கள் ‘ஏற்கிறேன்’ என்ற பெட்டியைத் தொட்டீர்களா, அல்லது விதிமுறை திரையின் அடியில் சாம்பல் எழுத்தில் கிடந்ததா என்பது முக்கியம். சில தளங்கள் கணக்குத் தொடங்கிய குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுதிக் கொடுத்தால் அந்த நிபந்தனையிலிருந்து விலகவும் விடுகின்றன. உங்களுக்கு அந்தக் கெடு இந்நேரம் கடந்திருக்கும்.

வங்கியிடம் ‘இந்தச் செலவுகள் என்னுடையவை அல்ல’ என்று சொல்லிக் கார்டுத் தொகையைத் திருப்பிக் கேட்கும்படி உங்களுக்கு யாராவது யோசனை சொல்லலாம். அவை உங்களுடையவை. அப்படிச் சொல்வது மோசடி. இப்போது உங்கள்மேல் இல்லாத ஒரு குற்றத்தை நீங்களே கட்டி எழுப்பிக்கொள்வீர்கள்.

கிரீன் கார்டு பற்றிக் கேட்டதால் இதில் சற்று நிற்கிறேன். குடியேற்றச் சட்டத்தில் ‘நன்னடத்தை’ என்ற நிபந்தனை குடியுரிமை கேட்கும்போது முழு வலுவோடு வரும். தன் வருமானத்தை முதன்மையாகச் சட்டவிரோதச் சூதாட்டத்திலிருந்து ஈட்டுபவருக்கும், இரண்டோ அதற்கு மேலோ சூதாட்டக் குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கும் நன்னடத்தை இல்லை என்று அச்சட்டம் சொல்கிறது. நீங்கள் இரண்டிலும் இல்லை. உங்கள் வருமானம் சம்பளம், தண்டனை ஏதும் கிடையாது. ஆனால் குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், ‘எப்போதாவது சட்டவிரோதமாகச் சூதாடியதுண்டா, அல்லது அதிலிருந்து வருமானம் பெற்றதுண்டா’ என்று நேரடியாகவே ஒரு கேள்வி இருக்கிறது. கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம், சட்டவிரோதச் சூதாட்டத்தில் ஈடுபடும் எண்ணம் உண்டா என்று கேட்கிறது. இவற்றை ‘இல்லை, இல்லை’ என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எட்டு மாதம் ஸ்லாட் ஆடியதை ஓர் அதிகாரியிடம் விளக்கிச் சொல்ல முடியும். சத்தியம் செய்து கொடுத்த பதிலில் பொய் இருந்தால் விளக்க முடியாது, ஏனென்றால் சலுகை பெறுவதற்காகச் சொல்லும் பொய்ச்சாட்சியம் தனியாகவே நன்னடத்தையை அழிக்கும் காரணம். ஐ-485 தாக்கல் செய்வதற்கு முன் இந்தச் செய்தியை மறைக்காமல் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் சொல்லி, உங்கள் பதிலின் சொற்களை அவர் கையால் எழுதி வாங்குங்கள். உங்கள் நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞரிடம் சொல்வதற்கு முன், அவர் யாருக்காக வேலை செய்கிறார், நீங்கள் சொல்வது நிறுவனத்துக்குப் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதற்காக மட்டும் வெளியே ஒருவருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது நல்லது.

வங்கிக்கு வந்த 450 டாலரை, தளத்திலிருந்து வரிப் படிவம் வந்தாலும் வராவிட்டாலும், கூட்டாட்சி வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள். சட்டவிரோத வழியில் வந்த வருமானமும் வருமானமே.

வேறு மாநிலங்களில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு சொல்: இந்த வரைபடம் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. மொன்டானாவின் தடை 2025 அக்டோபர் 1 முதலும், கலிபோர்னியாவின் தடை 2026 ஜனவரி 1 முதலும் நடைமுறைக்கு வந்தன; கனெக்டிகட், நியூ ஜெர்சி, நியூயார்க் மாநிலங்களும் 2025-இல் சட்டம் இயற்றின. கலிபோர்னியாச் சட்டம் நடத்துபவரோடு நிற்காமல், தெரிந்தே பணப் பரிமாற்றம் செய்து தருபவரையும் மென்பொருள் தருபவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. நேற்று உங்கள் ஊரில் திறந்த தளம் இன்றும் திறக்கிறது என்பதால் அது அங்கே சட்டபூர்வமானது என்று ஆகாது.

இனிச் செய்ய வேண்டியவை. தளத்தின் பரிவர்த்தனை வரலாறு, நீங்கள் ஏற்ற விதிமுறையின் நகல், அவர்கள் அனுப்பிய எல்லா மின்னஞ்சல், எட்டு மாதக் கார்டு அறிக்கை ஆகியவற்றை, அவர்கள் கணக்கை முழுவதுமாக மூடிவிடுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். விபிஎன் செயலியையோ பழைய உரையாடல்களையோ அழிக்காதீர்கள். வழக்கு வரலாம் என்று தெரிந்தபின் ஆதாரத்தை அழிப்பது உங்களையே குத்தும். முகவரி கேட்ட மின்னஞ்சலுக்கு, வழக்கறிஞரைப் பார்க்கும்வரை பதில் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டக் கோரிக்கைக்கு 4 ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். இரவில் கை மறுபடியும் ஏதோ ஒரு தளத்தைத் தேடினால் சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள உதவும் 1-800-426-2537 என்ற எண்ணை அழையுங்கள்; கட்டணம் இல்லை.

கடைசியாக, மனைவியிடம் சொல்வதைப் பற்றி. இதைக் குடும்ப விஷயம் என்று நான் ஒதுங்கிப் போக முடியாது, ஏனென்றால் வாஷிங்டன் தம்பதியரின் சொத்தை இருவருக்கும் பொதுவாகப் பார்க்கும் மாநிலம். திருமணத்துக்குப் பின் நீங்கள் ஈட்டும் சம்பளம் சட்டப்படி இருவருடையது. அந்த 6,200 டாலரில் பாதி அவருடைய பணம். கார்டில் நிற்கும் கடனும் அவரைத் தொடும். அதே போல, பணத்தை மீட்கும் உரிமையும் உங்கள் ஒருவருடையது மட்டுமல்ல. அந்தக் கார்டு அறிக்கைகளை முதலில் அவரிடம் காட்டுங்கள்; வழக்கறிஞரைப் பார்க்கும் நேரத்தை இருவருக்கும் சேர்த்தே வாங்குங்கள்.